பால்மரமும் அகச்சிவப்பு ஒளியும்

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், கோலகுபு பாருவுக்கு அருகே அமைந்துள்ள சிற்றூர் அம்பாங் பெச்சா. மலாய் மொழியில் அப்பெயருக்கு ‘உடைந்த அணை’ என்பது பொருள். 1883ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பழைய கோலகுபு நகரை ஒட்டியிருந்த அணை உடைந்தது. பெருகி வந்த வெள்ளம் ஊரை அழித்தது. அந்தத் துயர நிகழ்வை ஊரின் பெயர் இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

பின்னாளில் வட சிலாங்கூர் வட்டாரம் எங்கும் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவச் சென்றனர். பட்டையில் கத்தி பட்ட இடத்திலிருந்து வெண்ணிறப் பால் கசிந்து, மரத்தில் கட்டியிருந்த மங்கில் சொட்டுச் சொட்டாக வடிந்தது. வெயில் ஏறியதும் அந்தப் பாலை வாளிகளில் சேர்த்துச் சுமந்துகொண்டு பால் நிறுக்கும் கொட்டகைக்குப் போனார்கள்.

அங்கே ஒரு சோதனை காத்திருந்தது. பாலில் ‘மெட்ரோலாக்’ எனப்படும் மிதவைக் கருவியை விடுவார்கள். இரப்பர் நீரைவிட இலேசானது. ஆகவே, பாலில் இரப்பர் மிகுந்திருந்தால் கருவி ஆழமாக அமிழும். நீர் மிகுந்திருந்தால் மேலெழும்பி நிற்கும். மழைநீர் கலந்த பாலையும் நல்ல பாலையும் அது பிரித்துக் காட்டும். ஆனால், பாலில் எவ்வளவு இரப்பர் இருக்கிறது என்பதைச் சொன்ன அந்தக் கருவியால், இரப்பர் என்பது என்ன என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிய அறிவியலாளர்களுக்குப் பெரிதும் துணைநின்றவற்றுள் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி.

ஒரே கணக்கு, இரண்டு பொருள்கள்

1826ஆம் ஆண்டு இங்கிலாந்து அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே இரப்பரைப் பகுத்துப் பார்த்தார். 5 கார்பன் அணுக்களுக்கு 8 ஹைட்ரஜன் அணுக்கள் என்ற விகிதத்தில் அது அமைந்திருப்பதைக் கண்டார். மலாயாக் காடுகளில் வளரும் இன்னொரு மரத்தின் பாலிலிருந்தும் ஒரு பொருள் கிடைத்துவந்தது. அதன் பெயர் ‘கட்டாபெர்ச்சா’. 1851ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போடப்பட்ட தந்திக் கம்பிக்கு உறையாக அமைந்தது அதுவே. கட்டாபெர்ச்சாவைப் பகுத்தாலும் அதே 5 கார்பன், அதே 8 ஹைட்ரஜன் என்ற விகிதமே வருகிறது.

ஆனால், இரண்டின் குணமும் வேறு. இரப்பர் இழுத்தால் நீளும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். கட்டாபெர்ச்சாவோ கட்டை போல் இறுகியிருக்கும், சூடாக்கினால்தான் இளகும். அணுக்களின் கணக்கு ஒன்றாயிருக்க, குணம் மட்டும் எப்படி வேறுபட்டது?

அணுக்கள் எத்தனை என்பதோடு அவை எப்படி இணைந்துள்ளன என்பதும் முக்கியம் என்பதே இதற்கு விடை. இரண்டும் ஆயிரக்கணக்கான சிறு கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலிகள். ஒவ்வொரு கண்ணியிலும் கார்பன் அணுக்களுக்கு இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. இரப்பரில் சங்கிலியின் இரு முனைகளும் அந்தப் பிணைப்பின் ஒரே பக்கமாகச் செல்கின்றன. அதனால் சங்கிலி கோணலாகிச் சுருண்டு கிடக்கிறது. இழுத்தால் சுருள் விரிகிறது. கட்டாபெர்ச்சாவில் அவை எதிரெதிர்ப் பக்கங்களில் செல்கின்றன. அதனால் சங்கிலிகள் நேராகி, அடுக்கிய விறகைப் போல் நெருங்கிப் படிந்து இறுகுகின்றன. கண்ணால் காண முடியாத இந்தச் சிறு வேறுபாட்டை, பொருளைச் சிதைக்காமலேயே காட்டக்கூடிய முறைகளுள் ஒன்றுதான் அகச்சிவப்பு நிறமாலையியல்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

1800ஆம் ஆண்டு வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை ஒரு முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்தார். ஊதா முதல் சிவப்பு வரை விரிந்த நிறங்களில் வெப்பமானிகளை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறம் முடிந்து, எந்த ஒளியும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி மற்றவற்றைவிட அதிக வெப்பத்தைக் காட்டியது. கண் காணாத ஒளி ஒன்று அங்கே விழுந்துகொண்டிருந்தது. அதுவே பின்னர் அகச்சிவப்பு ஒளி எனப் பெயர்பெற்றது. எரிந்து தணிந்த அடுப்புக்கு அருகில் நிற்கும்போது தோலில் உறைக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு இந்த ஒளியால் வருவதே.

இந்த ஒளிக்கும் மூலக்கூறுகளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. மூலக்கூறில் உள்ள அணுக்கள் அசையாமல் இருப்பதில்லை. அவற்றை இணைக்கும் பிணைப்புகள் சுருள்வில்லைப் போன்றவை. ஓயாமல் நீண்டு சுருங்கியும் வளைந்து நிமிர்ந்தும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. வலுவான வில் விரைவாக அதிரும்; தளர்ந்த வில் மெதுவாக அதிரும். நுனியில் இலேசான அணு இருந்தால் வேகம் கூடும். கனமான அணு இருந்தால் வேகம் குறையும். ஆகவே, ஒவ்வொரு வகைப் பிணைப்புக்கும் தனக்கே உரிய அதிர்வு வேகம் உண்டு.

ஊஞ்சலை ஆட்டிவிடுபவருக்கு ஓர் உண்மை தெரியும். ஊஞ்சலின் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால்தான் அது உயர எழும்பும். தாளம் தப்பித் தள்ளினால் பயனில்லை. பிணைப்பும் அப்படியே. தன் தாளத்தோடு ஒத்த ஒளியை மட்டுமே அது உட்கவர்ந்துகொள்ளும், மற்றவற்றைப் போகவிடும். பல அதிர்வெண்கள் கலந்த அகச்சிவப்பு ஒளியை ஒரு பொருளின் வழியே செலுத்தி, எவையெவை வெளியே வரவில்லை என்று கணக்கெடுத்தால், உள்ளே என்னென்ன பிணைப்புகள் இருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கு ஒரு வரைபடமாகக் கிடைக்கும். நேராகச் செல்லும் கோட்டில், ஒளி உட்கவரப்பட்ட இடங்களில் எல்லாம் பள்ளங்கள் விழுந்திருக்கும். ஒவ்வொரு பள்ளத்தின் இடத்தையும் ‘அலையெண்’ குறிக்கிறது. ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் அடங்கும் என்பதே அலையெண். மூலக்கூறுகளை அடையாளம் காணப் பெரும்பாலும் 4000 முதல் 400 வரையிலான அலையெண்கள் பயன்படுகின்றன. எண்ணெயில் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் சேரும் இடம் 1740க்கு அருகில் ஆழமான பள்ளத்தைத் தருகிறது. அந்தப் பிணைப்பு ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 50 டிரிலியன் முறை அதிர்கிறது.

1500க்கும் கீழே உள்ள பகுதியில் பள்ளங்கள் நெருக்கமாகவும் சிக்கலாகவும் இருக்கும். அங்கே மூலக்கூறு முழுவதும் சேர்ந்து அதிர்கிறது. அதனால் அப்பகுதி பொருளுக்குப் பொருள் மாறுபடும். அதற்குக் ‘கைரேகைப் பகுதி’ என்றே பெயர். இரப்பரும் கட்டாபெர்ச்சாவும் பல இடங்களில் ஒன்றுபோல் பள்ளம் காட்டினாலும், இந்தப் பகுதியில் வேறுபட்டுத் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

தோட்டத்துப் பால் நின்றபோது

அமெரிக்க அறிவியலாளர் வில்லியம் கோப்ளென்ட்ஸ் பல பொருள்களின் அகச்சிவப்பு நிறமாலைகளை அளந்து 1905ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆயினும், அதன்பின் நீண்ட காலம் இம்முறை ஒருசில ஆய்வுக்கூடங்களுக்குள்ளேயே அடங்கியிருந்தது. ஒரு நிறமாலையை அளக்கப் பொறுமையும் மிகுந்த நேரமும் தேவைப்பட்டன. இந்நிலையை மாற்றிய காரணங்களுள் ஒன்று மலாயாவின் தோட்டங்களோடு தொடர்புடையது.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் கரையிறங்கின. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது; பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. மலாயாவின் இரப்பர் நேச நாடுகளுக்குக் கிடைக்காமல் போனது. தோட்ட மக்கள் பசியில் வாடினார்கள். பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் – பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையினர் திரும்பி வரவே இல்லை.

அமெரிக்கா அதுவரை பெற்றுவந்த இயற்கை இரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு தென்கிழக்காசியாவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. இரப்பர் இல்லாமல் வண்டிச் சக்கரங்கள் ஓடா. விமானங்கள் தரையிறங்க முடியாது. எனவே, அந்நாடு செயற்கை இரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அதற்கு முதன்மையான மூலப்பொருள் பியூட்டடையீன் என்னும் வாயு. அதனோடு அதைப் போன்றே தோற்றமும் கொதிநிலையும் கொண்ட வேறு சில வாயுக்களும் கலந்து வரும். அவற்றில் பியூட்டடையீன் எவ்வளவு என்று வேதியியல் முறைகளால் கண்டறிய நீண்ட நேரம் பிடித்தது. ஆலைகளோ காத்திருக்க முடியாத அவசரத்தில் இருந்தன.

இந்த இடத்தில்தான் அகச்சிவப்பு ஒளி கைகொடுத்தது. ஒத்த தோற்றமுடைய வாயுக்களாயினும் அவற்றின் பிணைப்புகள் வெவ்வேறு தாளத்தில் அதிர்வதால், நிறமாலை அவற்றை எளிதில் பிரித்துக் காட்டியது. அமெரிக்க அரசின் தேவைக்காக 1942ஆம் ஆண்டில் பெக்மன் நிறுவனம் ‘ஐ.ஆர்-1’ என்ற அகச்சிவப்புக் கருவியை உருவாக்கியது. அறிவியலாளர் ஒருவர் தம் கையால் பொருத்தி இயக்கிவந்த கருவி, ஆலைத் தொழில்நுட்பர் அன்றாடம் பயன்படுத்தும் கருவியாக மாறியது. மலாயாவில் பால் வாளிகள் வெறுமையாகிப்போன காலமே இக்கருவி உலகில் பரவத் தொடங்கிய காலமாகவும் அமைந்தது.

உயிர்களின் மூலக்கூறுகள்

அதே போர்க்காலத்தில் இக்கருவிக்கு இன்னொரு கடினமான வேலையும் வந்தது. காயம்பட்ட வீரர்களைக் காப்பாற்றிய பென்சிலின் என்னும் மருந்து ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது. அதன் மூலக்கூறு எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதில் அறிவியலாளர்களுக்கிடையே கருத்து வேறுபாடு இருந்தது. நான்கே அணுக்களால் ஆன இறுக்கமான சிறு வளையம் ஒன்று அதில் இருக்கிறது என்றனர் சிலர், மற்றவர்கள் மறுத்தனர். பென்சிலினின் அகச்சிவப்பு நிறமாலையில் 1770க்கு அருகே ஒரு பள்ளம் தெரிந்தது. இறுக்கமான வளையத்தில் உள்ள பிணைப்பு அவ்வாறு விரைந்து அதிரக்கூடும் என்பதால், அது வளையக் கருத்துக்கு வலுச்சேர்த்தது. 1945இல் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ் கதிர்களைக் கொண்டு செய்த ஆய்வு அந்த வளையம் இருப்பதை உறுதிப்படுத்தியது.

புரதங்களிலும் இம்முறை பயன் தந்தது. பட்டு நூலும் தலைமுடியும் புரதங்களே. ஆனால், பட்டில் புரதச் சங்கிலிகள் பெரும்பாலும் நீண்டு விரிந்தும், முடியில் சுருளாக முறுக்கியும் இருக்கின்றன. புரதங்களின் முதன்மையான பள்ளம் சுருள் வடிவில் 1650க்கு அருகிலும், விரிந்த வடிவில் 1630க்கு அருகிலும் விழுகிறது. இவ்வாறு வடிவத்தைப் பொறுத்துப் பள்ளம் இடம்மாறும் என்பதை எலியட், அம்புரோஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1950ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். என்ன பொருள் என்பதோடு, அது எந்த வடிவில் மடிந்திருக்கிறது என்பதையும் ஒளி சொல்லத் தொடங்கியது.

உயிர்ப்பொருள்களை ஆராய்வதில் ஒரு பெரிய தடை நீர். உயிருள்ள எதிலும் நீர் உண்டு. அந்த நீரும் 1640க்கு அருகே ஒளியை வலுவாக உட்கவர்கிறது. புரதத்தின் பள்ளத்தை மறைத்துவிடுகிறது. இதனால் பொருளை உலர்த்தியோ மிக மெல்லிய படலமாக்கியோ அளக்கிறார்கள். நீரால் அவ்வளவாகத் தடைபடாத உடன்பிறப்பு முறை ஒன்றும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928ஆம் ஆண்டில் கண்டறிந்த ‘இராமன் விளைவு’ அதற்கு அடிப்படை. அதுவும் மூலக்கூறுகளின் அதிர்வையே அளக்கிறது. ஆனால், உட்கவரப்பட்ட ஒளியை விடுத்து, சிதறிய ஒளியைப் பார்க்கிறது. இன்றைய ஆய்வுக்கூடங்களில் இவ்விரு முறைகளும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கின்றன.

செம்பனை எண்ணெயில் ஒரு சோதனை

இன்று வட சிலாங்கூரில் இரப்பர் மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை வளர்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமும் இந்த வட்டாரத்தில்தான் உருவானது. 1917ஆம் ஆண்டில் கோல சிலாங்கூரிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தொடங்கினார்.

செம்பனைக் குலை வெட்டுபவர் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்தே குலை பழுத்துவிட்டதை அறிந்துகொள்கிறார். வெட்டிய குலையை விரைவாக ஆலைக்கு அனுப்ப வேண்டும். அடிபட்ட பழத்தில் உள்ள ஒரு நொதி எண்ணெயின் மூலக்கூறை உடைக்கத் தொடங்கிவிடும். உடைந்து பிரிபவை ‘தனிக் கொழுப்பு அமிலங்கள்’. அவை கூடக் கூட எண்ணெயின் தரம் குறையும். வணிகத்தில் கச்சா செம்பனை எண்ணெய்க்கு 5 விழுக்காடே வழக்கமான உச்ச வரம்பு. தோட்டத்தில் குலை காத்துக் கிடந்த நேரம் இவ்வாறு எண்ணெயில் பதிவாகிவிடுகிறது.

இந்த அமிலத்தை அளக்கும் பழைய முறையில் எண்ணெயைக் கரைப்பானில் கரைத்து, காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நிறம் மாறும் வரை பார்த்திருக்க வேண்டும். அகச்சிவப்பு நிறமாலையிலோ உடையாத எண்ணெய் 1746க்கு அருகிலும், பிரிந்த அமிலம் 1711க்கு அருகிலும் தனித்தனியே பள்ளம் காட்டுகின்றன. இரண்டாவது பள்ளம் ஆழமாக ஆழமாக அமிலம் கூடியிருக்கிறது என்று பொருள். செர்டாங்கில் உள்ள மலேசியா புத்ரா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் யாக்கோப் சே மானும் அவருடன் பணியாற்றியவரும் செம்பனை ஒலீன் எண்ணெயில் இம்முறையைச் சோதித்து 1999ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர்.

அவரது ஆய்வு உணவுக் கலப்படத்தின் பக்கமும் திரும்பியது. மாடு, ஆடு, கோழி ஆகியவற்றின் கொழுப்பில் பன்றிக் கொழுப்பு கலந்திருந்தால் அதை அகச்சிவப்பு நிறமாலையால் கண்டறியலாம் என்பதை 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. ஹலால் உணவு உண்போருக்கு இது பெரிதும் வேண்டிய செய்தி. சைவ உணவு உண்போருக்கும் மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கும் இத்தகைய ஆய்வுகள் பயன்படும். தட்டில் இருப்பது சொல்லப்பட்ட பொருள்தானா என்று அறியும் உரிமை எல்லாருக்கும் உண்டு.

ஒப்பிட்டால்தான் பெயர்

இன்றைய கருவிகள் வேகமானவை. அசையும் கண்ணாடி ஒன்றின் உதவியால் எல்லா அதிர்வெண்களையும் ஒரே நேரத்தில் அளந்து, பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியேயின் கணித முறையால் கணினி அவற்றைப் பிரித்து வரைகிறது. வைரம் போன்ற படிகத்தின் மேல் ஒரு சொட்டு எண்ணெயையோ ஒரு துண்டு இரப்பரையோ வைத்தால் போதும். சில நிமிடங்களுக்குள் நிறமாலை திரையில் தோன்றிவிடும்.

எனினும், திரையில் தோன்றுவது பொருளின் பெயரன்று, பள்ளங்கள் மட்டுமே. ஒரு கைரேகை யாருடையது என்று சொல்ல, ஏற்கெனவே பதிவுசெய்த கைரேகைகளோடு ஒப்பிட வேண்டும். அதுபோலவே நிறமாலையையும் முன்பே அறிந்த பொருள்களின் நிறமாலைகளோடு ஒப்பிட வேண்டும். கொழுப்புகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரியான பள்ளங்களையே காட்டும். அதனால் ஆய்வாளர்கள் குறிப்பிட்ட அளவில் தாமே கலந்து தயாரித்த மாதிரிகளை முதலில் அளந்து, மிக நுண்ணிய வேறுபாடுகளைக் கணித முறைகளால் பிரித்தறிகிறார்கள். அந்த மாதிரிகள் சரியாக இல்லையென்றால் விலையுயர்ந்த கருவியும் தவறான விடையையே தரும்.

மிகச் சிறிய அளவில் கலந்திருப்பதைக் காண்பதும் கடினம். இரப்பர்க் கையுறையில் எஞ்சியிருக்கும் பால்மரப் புரதம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அந்தப் புரதத்தின் அளவு மிக மிகக் குறைவு என்பதால் இரப்பரின் பெரிய பள்ளங்களுக்கிடையே அது காணாமல் போய்விடும். அதை அளக்க வேறு வேதியியல் சோதனைகளே கைகொடுக்கின்றன. நிறமாலையில் ஒன்று தெரியவில்லை என்பதாலேயே அது இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

ஒரு காலத்தில் பால் கொட்டகையில் நின்றவர்கள் வாளியில் மிதந்த கருவியை உற்றுப் பார்த்தார்கள். அன்று சீவிய பாலின் மதிப்பு அந்தக் கருவி காட்டிய அளவில் இருந்தது. இன்று ஆய்வுக்கூடத்தில் ஒருவர் திரையில் விழும் பள்ளங்களை உற்றுப் பார்க்கிறார். காலையில் வெட்டிய செம்பனைக் குலை எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தது, எண்ணெயில் எது கலந்தது என்ற கேள்விகளுக்கு அவர் விடை தேடுகிறார். இருவரும் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு சொல்லாமல், அளந்து, ஒப்பிட்டு, அதன் பின்னரே இன்னதென்று உரைப்பவர்கள். உடைந்த அணையின் பெயரைத் தாங்கிய அந்த ஊரைச் சுற்றிலும் வளரும் மரங்களின் பாலிலும் பழத்திலும் மூலக்கூறுகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் தாளத்தை அறிய இளையோரும் இக்கலையைக் கற்றுக்கொள்ளலாம்.